கல்லறை கட்டுகிறவன் போய்ப் பார்த்த பழைய கல்லறைகள்: இப்பன்கட்டுவ ஒருநாள் பயணம்

நான் மேசன். வீடு தாண்டவன்வெளி. வீட்டு வேலை, மதில் வேலை எல்லாம் செய்வேன். ஆனால் மட்டக்களப்பில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கல்லறை கட்டத்தான் தேடி வந்தவர்கள். கள்ளியங்காட்டுச் சேமக்காலையில் என் கை பட்ட கல்லறைகளை எண்ணி வைத்ததில்லை. ஒக்டோபர் பிறந்தால் போதும், நவம்பர் 2 மரித்தோர் திருநாளுக்கு முதல் முடித்துத் தரச் சொல்லி ஆள் மேல் ஆள் வரும். அந்த மாதம் எனக்குச் சோறு தண்ணி கிடையாது.

அப்படிப்பட்டவன் லீவு எடுத்து, காசு கொடுத்து, விடிய எழும்பிப் போய்ப் பார்த்தது இன்னொரு சேமக்காலையை. மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

எல்லாம் மகளின் வேலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். ஒருநாள் நான் சீமெந்து கலந்துகொண்டு நிற்கும்போது வந்து, “அப்பா, நீங்க கட்டுற மாதிரி 2500 வருசத்துக்கு முதலும் ஆக்கள் கட்டியிருக்காங்க. சீமெந்து இல்லாம. பார்க்க வாறீங்களா?” என்றாள். சீமெந்து இல்லாமல் என்றதும் எனக்குள் ஏதோ குடைய ஆரம்பித்துவிட்டது.

இடம் தம்புள்ளைக்குப் பக்கத்தில், இப்பன்கட்டுவ என்கிற குளத்துக்குக் கிட்ட. தம்புள்ளையிலிருந்து 3 கிலோமீற்றர் அளவில் வரும். 1970இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். எண்பதுகளில் ஜேர்மன்காரரும் சேர்ந்து தோண்டியிருக்கிறார்கள். சனங்கள் பார்க்கத் திறந்து விட்டது 2017இல். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு நான் பட்டதைச் சொன்னால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வானைச் சொல்லி முடித்துவிடுகிறேன், கோபம் ஆறாமல் கிடக்கிறது. பெயர் போடவில்லை, நாளைக்கும் ஊரில் முகம் பார்க்க வேண்டும். ஆறு பேர், ஒரு நாள், 32,000 ரூபா என்று பேச்சு. விடிய 4 மணிக்கு வாசலில் நிற்பேன் என்றவர் வந்தது 5.40க்கு. ஏசி இருக்கிறதென்று சொல்லித்தான் அந்தக் காசு. வாழைச்சேனை தாண்டியதும், “காஸ் முடிஞ்சிட்டு அண்ணன், ஜன்னலத் திறங்க, நல்ல காத்து வரும்” என்றார். புனானை, வெலிகந்தை வெயிலில் வந்த காற்றை அவர்தான் நல்ல காற்று என்று சொல்ல வேண்டும். தம்புள்ளைக்குக் கிட்டப் போனதும் கேட்காமலே ஒரு வாசனைத் தோட்டத்துக்குள் வானை விட்டார். அங்கே ஒரு பிள்ளை கறுவாப்பட்டையைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பாடம் எடுத்தது. நாங்கள் ஒரு போத்தல் எண்ணெயும் வாங்காமல் வெளியே வந்தபோது ஓட்டுநரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! திரும்பி வரும்போது கதுறுவெலயில் தேத்தண்ணிக்கு நிறுத்திவிட்டு, கிலோமீற்றர் கூடிப் போயிற்று, இன்னும் 4,000 தாங்க என்றார். மகள் போனில் தூரத்தைக் காட்டி, போய்வர 350க்குள்தானே அண்ணன், முதலே சொன்ன தூரம்தானே என்று கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் அடங்கினார். வான் பிடிக்கிறவர்கள் நேரத்தையும் தூரத்தையும் ஏசியையும் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வாழைச்சேனைப் பாலத்தோடு முடிந்துவிடும்.

ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். மனிதர் வான் ஓட்டுவது பத்திரம். மின்னேரியா பக்கம் ரோட்டோரத்தில் ஒற்றை யானை நின்றது. ஹோர்ன் அடிக்காமல், அவசரப்படாமல், தூரத்திலேயே நிறுத்திப் பொறுமையாக இருந்து எடுத்தார்.

சரி, இடத்துக்கு வருவோம்.

ரிக்கற் எடுத்து உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. கோபுரம் இல்லை, சிலை இல்லை, ஏறுவதற்குப் படி இல்லை. கூரை போட்ட ஒரு பள்ளம். படம் எடுக்க மட்டும் வந்தவர்கள் பத்து நிமிசத்தில் போய்விடுவார்கள். நான் இரண்டு மணித்தியாலம் நின்றேன். மனைவியும் மச்சானும் கொஞ்ச நேரத்திலேயே நிழலுக்குப் போய்விட்டார்கள். என்னோடு நின்றது மகளும், எனக்குக் கைக்கு நிற்கிற பொடியனும்தான்.

ஒரு கல்லறை என்பது என்னவென்றால், நிலத்தைத் தோண்டி நாலு பக்கமும் பலகை மாதிரிக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடியது. உள்ளே எரித்த சாம்பல், எலும்பு, செத்தவர் பாவித்த சட்டி பானை, மணி, இரும்புச் சாமான். இவ்வளவுதான். என் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். நாலு கல்லும் ஒரு மூடியுமா, இதற்கா இவ்வளவு பேச்சு என்று. நானும் அப்படித்தான் குனிந்தேன்.

குனிந்த பிறகுதான் விசயம். அறுத்த கல் இல்லை அது. பிளந்த கல். எங்கள் நாட்டுக் கருங்கல்லில் வரி ஓடும். மரத்துக்கு நார் ஓடுகிற மாதிரி. வரி பார்த்து ஆப்பு வைத்தால் பலகையாகக் கழரும், வரி பார்க்காமல் அடித்தால் மூலை உடையும். அங்கே நிற்கிற கல்லெல்லாம் வரி பார்த்துக் கழற்றியவை. ஒரு கல்லில் கீழ்ப் பக்கம் தடிப்பாகவும் மேலே வரவர மெலிந்தும் இருந்தது. தடித்த பக்கத்தை மண்ணுக்குள் விட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்கிற காரியமா அது?

பொடியனிடம், மூடு கல்லொன்றைக் காட்டி, எவ்வளவு வரும் சொல்லு பார்ப்போம் என்றேன். கண் மதிப்பில் 5 அடி நீளம், 3 அடி அகலம், கனம் 6 அங்குலம். ஏழரைக் கன அடி. கருங்கல் ஒரு கன அடி 75 கிலோவுக்குக் குறையாது. அரை தொன்னுக்கு மேலே போகிறது. எங்களுக்கு அரை தொன் கல் வந்தால் செயின் புளொக் தேடுவோம், இல்லாவிட்டால் எட்டுப் பேரைப் பிடிப்போம், பிடித்தாலும் ஒருவன் காலை நசுக்கிக்கொள்வான். அவர்கள் கம்பும் கயிறும் ஆளும் வைத்து ஏற்றியிருக்க வேண்டும். மூடியை ஒரு தரம் வைத்துவிட்டு, ஐயோ கொஞ்சம் வடக்கே தள்ளு என்று சொல்ல முடியாது. நிறுத்திய நாலு கல்லும் கவிழ்ந்துவிடும்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது ஒரு சின்ன மூலை. இரண்டு பலகைக் கல் சந்திக்கிற இடம். ஒன்றின் விளிம்பு மற்றதன் முகத்தில் சாய்ந்து நிற்கிறது. சாந்து இல்லை. வெளியே இருக்கிற மண் உள்ளே தள்ளத் தள்ள அந்த மூலை இன்னும் இறுகும். தன்னைத் தள்ளுகிற பாரத்தாலேயே நிற்கிற கட்டு. அந்த இடைவெளிக்குள் விரல் போகுமா என்று பார்க்க எனக்குக் கை துருதுருத்தது. தொடக்கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது என் வேலையைச் சொல்கிறேன். மட்டக்களப்பு மண் மணல். கொஞ்சம் தோண்டினால் தண்ணி. மாரி வந்தால் ஆற்றுத் தண்ணியும் மழைத் தண்ணியும் ஒன்றாகும். நாங்கள் செங்கல் வைத்து, கம்பி கட்டி, கொங்கிறீற் பலகை போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டி, எழுத்து வெட்டிக் கொடுக்கிறோம். முதல் வருசம் பளபளவென்றிருக்கும். கடல் காற்றின் உப்பு கொங்கிறீற்றுக்குள் இறங்கும், கம்பி துருவேறும், துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிறீற்றை உள்ளேயிருந்து பிளக்கும். நான் 15 வருசத்துக்கு முதல் கட்டியதையெல்லாம் நானே போய் ஒட்டுப் போட்டிருக்கிறேன். அப்பர் எனக்குச் சாந்தகப்பை பிடிக்கப் பழக்கியபோது சொன்னது, மேலே தெரிகிறதுக்குத்தான் சனம் காசு தரும், கீழே கிடக்கிறதுதான் வேலை. இப்பன்கட்டுவவில் கீழே கிடக்கிறது மட்டும்தான் இருக்கிறது.

கம்பி இல்லாதது கம்பி தெரியாததால் என்றும் சொல்ல முடியாது. இரும்பு தெரிந்த ஆட்கள். காபன் கணக்கின்படி கி.மு. 700 முதல் கி.மு. 450 வரையான காலம், இரும்புக் காலம். செம்பு, தங்கம்கூட அந்தக் குழிகளில் எடுத்திருக்கிறார்கள். கழுத்து மணிகளில் சில, இந்த நாட்டில் கிடைக்காத கல்லாம். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்திருக்க வேண்டும் என்றாள் மகள். ஆறு மைல் தூரத்துக்கு ஒரு டைல்ஸ் பெட்டி உடையாமல் கொண்டுவர நாங்கள் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

மொத்தம் 42 கூட்டம், ஒரு கூட்டத்தில் பத்துப் பத்தாகக் கல்லறைகள் இருக்கிறதென்று கணக்கு. அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் சேமக்காலை ஞாபகம்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு மூலை. தாத்தா பக்கத்தில் அப்பா, அப்பா பக்கத்தில் சித்தப்பா. அங்கேயும் இடத்துக்குச் சண்டை பிடித்திருப்பார்களோ, மேசனிடம் வந்து, அண்ணன், அவங்கட கல்ல விட எங்கட கல் ஒரு அங்குலம் உயரமா இருக்கட்டும் என்று காதுக்குள் சொல்லியிருப்பார்களோ என்று நினைத்தேன். எனக்கு வருசத்துக்கு மூன்று பேராவது அப்படிச் சொல்கிறார்கள்.

அங்கே நிற்கும்போது பொடியன் ஒரு கேள்வி கேட்டான். இதுதான் உலகத்திலேயே பழசா? மகள் சிரித்துவிட்டு போனை எடுத்தாள். பெருங்கல் நிறுத்திக் கல்லறை கட்டுகிற பழக்கம் வேறு வேறு நாட்டில் வேறு வேறு காலத்தில் வந்திருக்கிறது. எங்கள் பக்கமும் தென்னிந்தியாவிலும் இரும்போடு சேர்ந்து வந்தது. ஐரோப்பாவில் அதற்கு எவ்வளவோ முந்தி, இரும்பும் இல்லை செம்பும் இல்லை, கல்லாயுதத்தோடு பயிர் செய்த புதிய கற்காலத்து ஆட்களே கட்டியிருக்கிறார்கள். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்று ஒன்று, கி.மு. 3200 அளவில். எகிப்துப் பிரமிட்டுக்கும் மூத்தது. மாரிகாலத்தில் பகல் மிகக் குறுகிய அந்த நாட்களில், விடியற்காலை வெயில் வாசலுக்கு மேலே இருக்கிற ஒரு துவாரத்தால் நுழைந்து உள்ளறை வரைக்கும் போகும் என்றாள். எல்லோரும் அதைத்தான் ஆச்சரியமாகப் பேசுவார்களாம்.

எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். அதன் உள்ளறைக்குக் கல்லை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டி அடுக்கி 6 மீற்றர் உயரத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். கல்லின் மேல் முகத்தில் தண்ணி வழிந்தோடக் காடி வெட்டி, இடுக்குகளில் சுட்ட மண்ணும் கடல் மணலும் அடைத்திருக்கிறார்கள். 5000 வருசமாக உள்ளே ஒழுக்கு இல்லை. அந்த ஊர் மழை நாடு! நான் மகளிடம், அதைத் திரும்பச் சொல்லு என்றேன். ஒழுக்கு இல்லையா? “ஓம் அப்பா, ஒழுக்கு இல்ல.” போன வருசம் நான் ஊற்றிய ஒரு வீட்டுத் தட்டு, பெயர் பெற்ற ஒழுக்குத் தடுப்பு மருந்தெல்லாம் அடித்தது, இந்த மாரியில் குசினிக்குள் சொட்டியது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓட்டுநரை மறந்துவிட்டேனே. அவர் கடைசிவரை உள்ளே வரவில்லை. “என்னகா இது, டூர் எண்டுதானே சொன்னீங்க, சவக்காட்டுக்கா கூட்டிவந்தீங்க?” என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவள் தன் பங்குக்கு, இவருக்கு வேற இடம் தெரியாது தம்பி என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் வெளியே வரும்போது எங்கேயோ போய் இரண்டு தேசிக்காய் வாங்கி முன் சில்லுகளுக்குக் கீழே வைத்திருந்தார். எடுத்த எடுப்பில் நசுக்கிவிட்டுத்தான் வானை ஓட்டினார். தேசிக்காய்க்கு எங்களிடம் காசு கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு மனைவி கட்டி வந்த பிட்டும் கணவாய்க் கறியும். குளத்தங்கரையில் மர நிழலில் இருந்து சாப்பிட்டோம். இந்தப் பயணத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாத சேவை அது ஒன்றுதான். தண்ணி மட்டும் நிறையக் கொண்டு போங்கள். வெயில் லேசான வெயில் இல்லை. காலை 9 மணிக்கு முதல் அங்கே நிற்கிற மாதிரிப் புறப்பட்டால் நல்லது. எங்களுக்கு அது கிடைக்காததற்குக் காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். மகள் பானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்துச் சட்டிகள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு நிறம் பூசியது இல்லை, ஒரே மண்தான். சூளையில் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்றுப் போகாமல் கறுக்கும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும். மறுகா, கல்லறை மட்டுமில்லை, பெரிய தாழிக்குள் வைத்துப் புதைத்த இடங்களும் இருக்கிறது, புத்தளம் பக்கம் பொம்பரிப்பில் அப்படி ஆயிரக்கணக்கில் என்றாள். தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் இருக்கிற மாதிரியே. அப்படித் தாழி செய்கிற குயவனிடம் ஒரு பெண் கேட்கிற பழைய சங்கப் பாட்டு ஒன்றும் சொன்னாள். வண்டிச் சில்லின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்த சின்னப் பல்லி மாதிரி இவனோடு எத்தனையோ பாலை தாண்டி வந்தேன், எனக்கும் சேர்த்து இடம் இருக்கிற மாதிரித் தாழியை அகலமாகச் செய்து தா என்று கேட்கிறாளாம்.

நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு அன்ரி வந்தார். புருசனுக்குக் கல்லறை. அளவெல்லாம் பேசி முடிந்து, முற்பணம் தந்து, படலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, “தம்பி, கொஞ்சம் அகலமாக் கட்டுங்க. எனக்கும் அதுக்குள்ள வரணும்” என்றார். கட்டினேன். எழுத்துக் கல்லில் அவருக்கான பாதி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நத்தாருக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொடுத்து விடுவார்.

பொடியன் எழும்பி, சந்திக்குச் சந்தி ஊர்ப் பெயர் வாசித்துக்கொண்டு வந்தான். ஓட்டமாவடி வந்ததும் மகள் இன்னொன்றைச் சொன்னாள். இவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை, எங்கள் மாவட்டத்திலேயே, வாகரைக்கு அங்கால் கதிரவெளியிலும் இப்படிக் கல்லறைகள் இருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார்கள் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெருகல் திருவிழாவுக்குக் கூட்டாளிமாரோடு எத்தனை தரம் அந்த வழியால் போயிருக்கிறேன்! கதிரவெளியில் நிறுத்தி இளநீர் குடித்துவிட்டுப் போனவன் நான்.

“இத முதலே சொல்லியிருக்கலாமே மகள், 32,000 மிச்சமே?”

“சொன்னா வந்திருப்பீங்களா? பக்கத்திலதானே, பிறகு போவம் எண்டிருப்பீங்க.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்க் போட வேண்டுமென்றால், இப்பன்கட்டுவவுக்கு 5க்கு 5. கல்லில், மண்ணில், கட்டில் வேலை செய்கிறவர்கள் ஒருதரம் போய்க் குனிந்து பாருங்கள், படம் எடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வானுக்கு 2. அதில் ஒன்று யானைக்கு முன்னால் பொறுமையாக நின்றதற்கு, மற்றது தேசிக்காய்க்கு.

கதிரவெளிக்கு வருகிற ஞாயிறு பூசை முடியப் போகிறோம். என் மோட்டார் சைக்கிளில், மகள் பின்னால். பொடியன் அவன் கூட்டாளியின் சைக்கிளைக் கேட்டு வைத்திருக்கிறான். மனைவி வரவில்லையாம், பிட்டு மட்டும் கட்டித் தருவாளாம்.